வழி தவறும் உரிமை

ஊர் சுற்றுகிறவனைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வழிப்போக்கன், நாடோடி, பரதேசி, ஊர்சுற்றி, தேசாந்திரி, யாத்திரிகன். இவற்றில் 'யாத்திரிக'னுக்குச் சாமி துணையிருக்கிறது. 'தேசாந்திரி'யை நவீன எழுத்தாளர்கள் கொஞ்சம் தூசி தட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவை எல்லாம் சந்தேகத்துடனோ இளக்காரத்துடனோ உச்சரிக்கப்படுபவை. 'பரதேசி' என்றால் பிற தேசத்தைச் சேர்ந்தவன், அவ்வளவுதான் பொருள். ஆனால் அது வசவாகிப்போய்த் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. நிலைத்த குடியையும் நிலத்தையும் அடிப்படையாகக் கொண்ட சமூகம் ஒன்று அலைபவனைத் தனது மற்றமையாகக் கட்டமைத்துக்கொண்டதன் தடயங்கள் இவை எனக் கொள்ளலாம். 'பேக்பேக்கர்' என்பதை மட்டும் நாம் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டோம். மொழிபெயர்த்திருந்தால் மேற்கண்ட வசவுகளில் ஏதேனும் ஒன்றில்தான் போய் முட்டியிருக்கும். முதுகில் ஒரு பை, கையில் குறைந்த பணம், திட்டமில்லாத பாதை, அழுக்கு உடை: இத்தனையும் இருந்தும் ஒருவன் பரதேசி ஆகாமல் பேக்பேக்கர் ஆவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதை வெறும் வாழ்க்கைப் பாணியாகப் பார்ப்பவர்கள், 'இளைஞர்கள் நாலு இடம் பார்த்துவிட்டுப் போகட்டுமே, இதிலும் அரசியலா?' என்று கேட்கக்கூடும். அரசியல் இருக்கிறது. யார் அலையலாம், யார் அலையக்கூடாது என்பதைச் சட்டம் போட்டு முடிவு செய்த வரலாறு நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இன் திருத்தத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உப்பு, தானியம் ஏற்றி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த குழுக்கள் உட்படப் பலர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டார்கள். கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு. அலைவதே குற்றம். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுக்க 1952இலும்தான் இது நீக்கப்பட்டது.

இதே காலத்தில் வந்த இன்னொரு சட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 1869இல் ஒருமுறையும் 1874இல் விரிவாக மறுமுறையும் இயற்றப்பட்ட ஐரோப்பிய நாடோடிகள் சட்டம். வேலையற்ற கப்பற்காரர்கள், விலக்கப்பட்ட சிப்பாய்கள், ரயில்வேயில் வேலை போனவர்கள் என்று கையில் காசில்லாத வெள்ளையர்கள் பலர் இந்தியச் சாலைகளில் திரிந்துகொண்டிருந்தார்கள். பிச்சையும் கேட்டார்கள். வெள்ளைத்தோல் பிச்சை கேட்பதை நேட்டிவ்கள் பார்ப்பது ஆட்சியின் கௌரவத்துக்கு ஆகாது இல்லையா? எனவே அவர்களைப் பிடித்துப் பணிவிடுதிகளில் அடைப்பதற்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவதற்கும் அந்தச் சட்டம் வழி செய்தது. ஏழை வெள்ளையன் காலனிய ஒழுங்கின் கண்ணில் விழுந்த தூசி. ஏறத்தாழ நூறு வருடங்கள் கழித்து அதே சாலைகளில், அதே கிழிசல் தோற்றத்தில், தாமாகவே விரும்பி வந்து திரிந்தவர்களை யாரும் பணிவிடுதியில் அடைக்கவில்லை. நடுவில் என்ன மாறியது என்றால், வறுமை தேர்வாகிவிட்டது. திரும்பிப்போகும் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்ப வீட்டில் ஆள் இருக்கும்போது ஏழ்மை ஒரு வேஷமாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மேற்குலகின் உபரி அந்த வேஷத்துக்கு மூலதனம். சமூகவியலாளர் எரிக் கோஹன் 1973இல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இவர்களை 'செல்வச் செழிப்பிலிருந்து புறப்பட்டு வந்த நாடோடிகள்' என்று அழைத்தார். அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

முதுகுப்பையின் தொடக்கத்தை ஹிப்பிகளிடம் மட்டும் தேடுவது சரியல்ல. 1901இல் பெர்லினையொட்டிய ஸ்டெக்லிட்சில் உருவான 'வாண்டர்ஃபோகல்' (பறந்து திரியும் பறவை என்று பொருள்) இயக்கத்தில் நடுத்தர வர்க்க மாணவர்கள் தொழில்நகரத்தின் புகையையும் அப்பாக்களின் ஒழுக்கத்தையும் வெறுத்துக் காடு மலைகளில் நடக்கக் கிளம்பினார்கள். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் தம் மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் தங்குமிடங்களாக்கக்கூடாது என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்டேனா கோட்டையில் அமைந்த இளைஞர் விடுதி அதன் விளைவு. அங்கிருந்த மூன்றடுக்கு மரக்கட்டில்களின் வாரிசுகளில்தான் இன்றைய ஹாஸ்டல்வாசிகள் படுத்துறங்குகிறார்கள். இதை ஒரு தூய விடுதலை இயக்கமாகவும் சொல்லிவிட முடியாது. 1933க்குப் பிறகு இந்த விடுதிகளை ஹிட்லர் இளைஞர் அமைப்பு எடுத்துக்கொண்டபோது, நடைப்பாட்டு, கூட்டு வாழ்க்கை, மண்பற்று எல்லாம் அதிகம் மாறாமலே புது எஜமானுக்குப் பயன்பட்டன. 'இயற்கைக்குத் திரும்புதல்' என்ற குரல் எங்கே கேட்டாலும் அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஆரம்பித்த தரைவழிப் பயணம் வேறு வகை. இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், பெஷாவர், டில்லி, அங்கிருந்து கோவாவுக்கோ காத்மாண்டுவுக்கோ. இந்தப் பாதையின் தகவல் தொழில்நுட்பம் என்னவென்று கேட்டால் இரண்டே இரண்டைச் சொல்லலாம். ஒன்று, இஸ்தான்புல்லில் 'புட்டிங் ஷாப்' என்று பெயர் வாங்கிய சாப்பாட்டுக்கடையின் அறிவிப்புப் பலகை. காபூல்வரை வேனில் ஓரிடம் காலி, தொலைந்த நண்பனுக்குச் செய்தி, காதலிக்கு மன்னிப்பு எல்லாம் அதில் குத்தப்பட்டிருக்கும். மற்றொன்று தபால் நிலையங்களின் 'போஸ்ட் ரெஸ்தாந்த்' வசதி. முகவரி இல்லாதவனுக்கு முகவரி. பெயர் எழுதி ஊர் எழுதி அனுப்பினால் கடிதம் தபால் நிலையத்தில் காத்துக் கிடக்கும். போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குச் செய்தி போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் பயணி என்பவன் இருந்தான். 1979 இந்தப் பாதையை மூடியது. ஈரானில் புரட்சி, வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள்.

மலிவு எங்கிருந்து வந்தது? 'கிழக்கில் எல்லாம் மலிவு' என்பது ஏதோ இயற்கை நியதி போலப் பயணக் கதையாடல்களில் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏழு எட்டு ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு வெள்ளை இளைஞன் இங்கே நாட்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிந்தது என்றால், இங்கே அறையைப் பெருக்கியவருக்கும் பூரி சுட்டவருக்கும் கிடைத்த கூலி அவ்வளவு குறைவு என்று பொருள். அதே காலத்தில் எதிர்த்திசையில் கிளம்பிய இந்தியர்கள் ரிசர்வ் வங்கியின் 'பி படிவ' அனுமதிக்குக் காத்திருந்தார்கள். கையில் எட்டு டாலருடன் விமானம் ஏறிய கதையை அந்தத் தலைமுறையினர் பலர் சொல்லியிருக்கிறார்கள். எட்டு டாலரை வைத்துக்கொண்டு லண்டனில் யாரும் 'தன்னைத் தேட' முடியாது. முதல் வேலையாக வேலை தேட வேண்டும்.

இந்தப் பாதையின் பிரதியாக்கம் 1973இல் நிகழ்ந்தது. 1972இல் டோனி வீலர், மரீன் வீலர் தம்பதியினர் லண்டனிலிருந்து பழைய வேன் ஒன்றில் கிளம்பி, அதைக் காபூலில் விற்றுவிட்டு, பஸ், ரயில், படகு என்று மாறி மாறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். சிட்னியில் இறங்கும்போது கையில் 27 சென்ட். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சிறு நூலை எழுதி, தாமே தாள் மடித்து, தாமே ஸ்டேப்ளர் அடித்து விற்றார்கள். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒரே வித்தியாசம், அவர்களுடையது விற்றுத் தீர்ந்தது. ஆசியாவை மலிவாகக் கடப்பது எப்படி என்று சொன்ன அந்நூலே லோன்லி பிளானட் நிறுவனத்தின் முதல் வெளியீடு. பாட்டு ஒன்றின் சொல்லைக் காது தவறாக வாங்கியதால் பிறந்த பெயர் அது. 1975இல் தென்கிழக்காசியக் கையேடும் 1981இல் இந்தியக் கையேடும் வந்தன. 2007இல் பி.பி.சி.யின் வணிகப் பிரிவு முக்கால் பங்கையும் 2011இல் மீதியையும் வாங்கியது. மொத்தம் சுமார் 13 கோடி பவுன். 2013இல் ஐந்தே கால் கோடி பவுன் கூடத் தேறாமல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 2020 இறுதியில் அது மறுபடி கைமாறியது. இந்தச் சரிவுக்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

கையேடு என்ற வடிவத்தைத் தமிழ் படித்தவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம்மிடம் ஆற்றுப்படை என்றொரு வகைமையே இருக்கிறது. போய்வந்தவன், போகவிருப்பவனுக்கு வழி சொல்வது. மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்று வழியின் ஆபத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் வீட்டில் என்ன கிடைக்கும், உழவர், வலைஞர், அந்தணர் வீடுகளில் என்ன கிடைக்கும் என்று சாப்பாட்டு விவரம் வழிநெடுக. வடிவத்தைப் பார்த்தால் கச்சிதமான பயணக் கையேடு. 'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்ற பழைய பாட்டைப் பாட நான் வரவில்லை. ஆற்றுப்படையும் ஒரு விதத்தில் புரவலனுக்கான விளம்பரம்தான். பொருட்படுத்த வேண்டியது ஒரு தலைகீழாக்கத்தை. ஆற்றுப்படையில் நடப்பவன் நிஜமாகவே பசித்தவன். வழியில் இருப்பவர்கள் கொடுப்பவர்கள். உணவுக்கு எதிரே விலை எழுதப்பட்டிருக்காது. கையேட்டிலோ நடப்பவன் வழியில் இருக்கிறவர்களைவிட வசதியானவன், ஆனால் குறைவாகக் கொடுப்பது எப்படி என்பதே அவன் கற்க வேண்டிய வித்தை. பேரம் பேசுவது ஓர் ஒழுக்கமாகப் போதிக்கப்படுகிறது. ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டால் 'ஏமாறவில்லை, உள்ளூர்க்காரன் மாதிரியே கொடுத்தேன்' என்ற திருப்தி. உள்ளூர்க்காரனாக ஆவதற்கு அவன் செலுத்தும் கட்டணம், அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்காமலிருப்பது.

டீன் மக்கானல் 1973இலேயே 'அரங்கேற்றப்பட்ட அசல்தன்மை' என்ற கருத்தை முன்வைத்தார். சுற்றுலாப் பயணி திரைக்குப் பின்னால் இருக்கிற நிஜ வாழ்க்கையைப் பார்க்கத் துடிக்கிறான். அந்தத் துடிப்பைத் தெரிந்துகொண்டு, திரைக்குப் பின்னாலும் ஒரு மேடை போட்டு வைக்கிறார்கள். பேக்பேக்கர் தன்னைச் சுற்றுலாப் பயணியாக ஏற்பதேயில்லை. 'அவர்கள் பஸ்ஸில் கும்பலாக வந்து போட்டோ எடுப்பவர்கள், நான் பயணி' என்பான். ஆனால் கோஹன் அந்த 1973 கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்: அலைபவர்களுக்கென்றே ஒரு தனி ஏற்பாடு, வெகுசனச் சுற்றுலாவுக்கு இணையாக, அதன் பக்கத்துத் தண்டவாளமாகப் போடப்பட்டுவிட்டது. பாங்காக்கின் காவ் சான் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு அரிசி என்று பொருள், அரிசி வியாபாரம் நடந்த தெரு. 1982இல் பாங்காக்கின் இருநூறாவது ஆண்டு விழாவை ஒட்டிக் கூட்டம் வந்தபோது வீட்டு அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். கையேடு அந்தத் தெருவைக் குறித்தது. குறித்த பிறகு கூட்டம் வந்தது. கூட்டம் வந்த பிறகு வாழைப்பழ அப்பம் வந்தது, அழுக்குத் துணி வெளுப்பவர் வந்தார், போலி மாணவர் அட்டை வந்தது. தனியாகக் கிளம்பியவர்கள் அனைவரும் ஒரே தெருவில் சந்தித்து, தாம் தனியாக வந்த கதையைப் பரிமாறிக்கொண்டார்கள். இந்தப் பொய்யைக் கருவாகக் கொண்டு அலெக்ஸ் கார்லண்ட் 1996இல் 'தி பீச்' நாவலை எழுதினார். யாருக்கும் தெரியாத கடற்கரையைத் தேடிப்போய்க் கெடுக்கும் கதை. 2000இல் வந்த அதன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, படம் பிடித்த மாயா வளைகுடாவுக்கு ஆட்கள் குவிந்து, படகுகள் பவளப்பாறைகளை உடைத்து, 2018 ஜூனில் அரசு அந்தக் கடற்கரையையே மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தது. விமர்சனமும் விளம்பரமாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இனி கையேட்டைக் கவிழ்த்த சமாச்சாரத்துக்கு வருகிறேன். 2000 மே வரை அமெரிக்க ராணுவம் தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுத்தது. நூறு மீட்டர்வரை பிசகும். அந்த மாதம் அந்த மங்கலை நீக்கினார்கள். 2005இல் கூகுள் மேப்ஸ், 2007இல் ஐபோன். ஆக, இன்று நம் கையில் ஒளிரும் அந்த நீலப் புள்ளி முதலில் ஏவுகணைகளுக்காகப் பிறந்தது. அந்தப் புள்ளி செய்த காரியம் சாதாரணமானதல்ல. பழைய வரைபடத்தில் 'நான் எங்கே இருக்கிறேன்' என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது பயணியின் வேலை. அதற்காக அவன் யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்டால் பேச்சு வளரும், பேச்சில் டீ வரும், சில சமயம் தப்பான வழியும் வரும். புதிய வரைபடத்தில் உலகம் முழுக்க அவனை நடுவில் வைத்து வரையப்படுகிறது. அவன் நகர்ந்தால் உலகம் நகர்கிறது. தன்னிலையை மையத்திலிருந்து பெயர்த்துவிட்டோம் என்று கோட்பாட்டாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொழில்நுட்பம் சத்தமில்லாமல் அதைத் திரும்பக் கொண்டுவந்து நடு மையத்தில் உட்கார வைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த இன்டர்நெட் கஃபேயை இந்த வரலாற்றில் ஓர் இடைக்காலம் என்று சொல்லலாம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொது இணைய இணைப்பைத் தொடங்கியது. 1996 ஜூலையில் ஹாட்மெயில் வந்தது. போஸ்ட் ரெஸ்தாந்த் அத்தோடு ஓய்ந்தது. ஆனாலும் அப்போது மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்துவிட்டு எழுந்து வெளியே வந்தால் மறுபடி தெருதான், மறுபடி யாரும் அழைக்க முடியாத ஆள்தான். கைப்பேசிக்குப் பிறகு 'வெளியே வருதல்' என்பது கிடையாது. மகள் மணாலியில் மலையேறுகிறாள், அம்மா அரை மணிக்கொருமுறை அவள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் எனக்கு முழு எதிர்ப்பு இல்லை. தனியாகக் கிளம்பும் பெண்களுக்கு அந்தப் புள்ளி ஒரு பாதுகாப்பு, அது இல்லாவிட்டால் பல வீடுகளில் வாசற்படியே தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். வழி தவறுவதன் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பது தற்செயல் அல்ல.

தங்குமிடங்களில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2004இல் கவுச்சர்ஃபிங் தொடங்கியபோது முன்பின் தெரியாதவர் வீட்டுச் சோபாவில் இலவசமாகத் தூங்கலாம், பணப் பேச்சே கூடாது என்பதுதான் அதன் ஆதாரம். தன்னார்வலர்கள் இரவு பகலாக வேலை செய்து அதை வளர்த்தார்கள். 2011இல் அது லாப நோக்குள்ள நிறுவனமாக மாற்றப்பட்டது. 2020 மே மாதம் சந்தா கட்டாதவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. விருந்தோம்பல் பலரின் கூட்டு உழைப்பாக விளைந்து, தனிச்சொத்தாக அறுவடையானது. நடுவில் 2008இல் வந்த ஏர்பிஎன்பி அதே சோபாவுக்கு நேரடியாகவே விலை ஒட்டியிருந்தது. அதுவாவது பாசாங்கில்லாத வியாபாரம்.

கையேட்டின் அதிகாரம் ஒரு சிலரிடம் இருந்தது. ஒரு எழுத்தாளர் வந்து தங்கிவிட்டுப் போய் நாலு வரி எழுதினால் அந்த விடுதியின் தலையெழுத்து அடுத்த பதிப்புவரை மாறாது. வாசலில் 'லோன்லி பிளானட் சிபாரிசு' என்று போர்டு எழுதி மாட்டிக்கொள்வார்கள். மதிப்பெண் தளங்கள் வந்ததும் அந்த அதிகாரம் எல்லாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. பி.பி.சி. வாங்கிய சொத்து கரைந்ததும் இதனால்தான். எல்லாரும் எழுதும்போது யார் புத்தகம் வாங்குவார்? ஆனால் இதை ஜனநாயகம் என்று சொல்வதற்கு முன், மதிப்பிடப்படுகிறவரின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அறையைப் பெருக்குகிற அம்மாவுக்கு முன்பெல்லாம் ஒரு முதலாளி. இப்போது ஒவ்வொரு விருந்தாளியும் மேற்பார்வையாளர். குழாயில் வெந்நீர் வரவில்லை, பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சத்தம், மீன் நாற்றம் என்று ஏதாவது ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தால், பட்டியலில் அந்த விடுதி கீழே இறங்கும். கீழே இறங்கினால் யார் கண்ணிலும் படாது. கடலோர ஊரில் மீன் நாறத்தான் செய்யும். ஆனால் நட்சத்திரக் கணக்கில் ஊர் என்பது விருந்தாளியின் மூக்குக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டிய குறை.

மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெரு நமக்குப் பக்கத்திலிருக்கும் உதாரணம். கல்தச்சர் உளிச்சத்தமும் மீன்பிடிக் குப்பமும் உள்ள ஊரில் அந்தத் தெரு மட்டும் வேறொரு தேசம்போல இருக்கும். கொடைக்கானல் வட்டக்கானலில் ஹீப்ரு எழுத்தில் பலகைகளைப் பார்க்கலாம். கட்டாய ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் மாதக்கணக்கில் வந்து தங்கும் இடம். துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு முதுகுப்பையை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் தேடும் அமைதியைப் பற்றி, சோதனைச் சாவடி தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போக முடியாத பாலஸ்தீனிய இளைஞன் என்ன நினைப்பான் என்பதை எந்தப் பயணக் கையேட்டிலும் எதிர்பார்க்க முடியாது.

இப்போது நம்மவர்களும் கிளம்பிவிட்டார்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்திய நகரங்களில் ஹாஸ்டல்கள் பெருகின. நல்ல விஷயம்தான். ஆனால் இவற்றில் பலவற்றில் ஒரு விதி இருக்கிறது: 'உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படாது.' செங்கல்பட்டு மாவட்டத்து நண்பர் ஒருவர் அதே மாவட்டத்தின் கடலோர விடுதி ஒன்றில் முன்பணம் கட்டிவிட்டுப் போனார். ஆதார் முகவரியைப் பார்த்ததும் வரவேற்பறைப் பையன் ரொம்பப் பணிவாகச் சொன்னான்: 'சாரி ப்ரோ, லோக்கல் அலவுடு இல்ல.' பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்தவனுக்குக் கட்டில் கிடைத்தது. நிர்வாகங்கள் பாதுகாப்பு என்கின்றன, உள்ளூர்க்காரர்கள் குடித்துவிட்டுத் தகராறு செய்வார்கள் என்கின்றன. உள்ளூர் வாழ்க்கையை அனுபவிக்க வாருங்கள் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடத்தில் உள்ளூர்க்காரன் மட்டும் அனுமதிக்கப்படுவதில்லை. அவன் ஓவியமாகச் சுவரில் இருக்கலாம். மீனவர், மாட்டு வண்டி, பூ விற்கும் பெண்.

நம்மவர் இன்னும் தூரம் போக நினைத்தால் வேறொரு வாசல். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர், 2024 ஜூனில் 90 யூரோவாக உயர்த்தப்பட்ட கட்டணம் போக, போக்குவரத்து முன்பதிவு, தங்குமிட ஆதாரம், வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, எந்தத் தேதியில் எந்த ஊர் என்ற பயணத் திட்டம் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். இதன் தத்துவார்த்த விளைவைக் கவனியுங்கள். திட்டமில்லாமல் அலைவதுதான் பேக்பேக்கிங்கின் சாரம் என்றால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் சட்டப்படி ஐரோப்பாவில் பேக்பேக்கர் ஆகவே முடியாது. 'எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது' என்று ஜெர்மானிய இளைஞன் சொன்னால் அது கவிதை. நம் இளைஞன் தூதரக ஜன்னலில் சொன்னால் அது நிராகரிப்புக்கான காரணம். சிக்மண்ட் பௌமன் தொண்ணூறுகளில் எழுதியபோது உலகமயமான காலத்தின் இரு உருவங்களாகச் சுற்றுலாப் பயணியையும் நாடோடியையும் வைத்தார். முன்னவன் விரும்பி நகர்கிறான், பின்னவனுக்கு வேறு வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாடோடியாக மாட்டேன் என்று முன்கூட்டியே நிரூபித்தால்தான் பயணியாக அனுமதிக்கப்படுகிறவன். நம்மில் பெரும்பாலோர் அந்த ரகம்.

இதன் மறுபக்கமும் பார்க்கச் சுவாரஸ்யமானது. மேற்கத்திய இளைஞர்கள் சிலர் தென்கிழக்காசிய நடைபாதைகளில் உட்கார்ந்து 'என் பயணத்துக்கு உதவுங்கள்' என்று அட்டை பிடித்துக் காசு கேட்பது 2010களின் பிற்பகுதியில் பெரிய சர்ச்சையானது. பிச்சை, முதுகுப்பை இரண்டையும் ஒட்டவைத்து ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஒரு கேலிப்பெயர்கூட வைத்தார்கள். பாலித் தீவின் குடிவரவு அதிகாரிகள் 2019இல், இப்படிப்பட்டவர்களை அவரவர் தூதரகங்களிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தார்கள். 1874ஆம் வருடத்துச் சட்டத்தை ஆசிய அதிகாரிகள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

'டிஜிட்டல் நாடோடி' என்பது இந்த வரிசையில் கடைசியாக வந்திருக்கும் சொல். மடிக்கணினியோடு கடற்கரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். இவர்களுக்காகத் தாய்லாந்து 2024இல் ஐந்தாண்டு விசா ஒன்றை அறிவித்தது. நிபந்தனை, கையிருப்பாக ஐந்து லட்சம் பாட். நாடோடி என்று சான்று பெற வங்கிக் கணக்கு வேண்டும். இங்கே நம் ஊரில் பேருந்து நிலையங்களில் ஊசியும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருக்கும் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட 2023வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நாடோடிச் சொல் ஓரிடத்தில் சான்றிதழாகவும் இன்னோரிடத்தில் தலைமுறைத் தழும்பாகவும் இயங்குகிறது.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாத் தேவையை நீக்கியபோது சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் முதுகுப்பையோடு பையன்கள் கிளம்பினார்கள். இந்த இளைஞர்கள்மேல் எனக்கு இளக்காரம் இல்லை, கொஞ்சம் பொறாமைகூட உண்டு. இவர்களில் பலர் தம் குடும்பத்தில் கோயில், கல்யாணம், வேலை ஆகிய மூன்று காரணங்களும் இல்லாமல் வெளியூர் போன முதல் ஆட்கள். அதன் விடுதலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. அவர்கள் என்னவாகத் திரும்பி வருகிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. அவர்களுடைய பயண வீடியோக்களில் 'இங்க எல்லாமே செம சீப் மச்சி' என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ஐம்பது வருடங்களுக்கு முன் நம் ஊரைப் பற்றி வெள்ளைக்காரன் சொன்ன அதே வாக்கியம். தாய்லாந்து இன்னும் பரவாயில்லை, அங்கே நம் ரூபாய்க்கு அத்தனை வலு கிடையாது. ஸ்பிட்டியிலும் மேகாலயாவிலும் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மலைக்கிராமத்து வீட்டில் தங்கி, அடுப்பங்கரையில் அந்த அம்மா ரொட்டி சுடுவதைப் படம் எடுத்து, வாடகையில் நூறு ரூபாய் குறைத்து, கிளம்பும்போது கைப்பேசியைத் திறக்கிறார்கள். அந்த அம்மா வாசல்வரை வந்து, பள்ளிக்கூடம் போகும் மகன் சொல்லிக் கொடுத்த இரண்டு இந்தி வார்த்தைகளில் கேட்கிறார். பாஞ்ச் ஸ்டார்.